கொட்டாவி விட்ட அரசனும் ஆறாத காயமும்

மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்தில், செம்பொறை என்றொரு நாடு இருந்தது பிள்ளைகளே. அதை வெற்பரசன் ஆண்டு வந்தான்.

வெற்பரசன் கெட்டவன் இல்லை. வரியை உயர்த்தவில்லை. வீண்போருக்குப் போகவில்லை. ஏழையின் வயலைப் பிடுங்கவில்லை. அவனிடம் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். அவனுக்கு எல்லாம் சலித்துப் போயிருந்தது.

சூரியன் உதிக்கும். "நேற்றும் இதுதானே நடந்தது" என்று கொட்டாவி விடுவான். மழை பெய்யும். "நேற்றும் இதுதானே நடந்தது" என்பான். இலையில் சுடச்சுடச் சோறு விழும். அதையும் அப்படியே சொல்வான். அரசர் வாயைத் திறந்தால் சோற்றுக்கா கொட்டாவிக்கா என்று தெரியாமல் அகப்பையோடு நிற்கிறோம் என்று மடைப்பள்ளியில் சிரித்துக்கொள்வார்கள்.

அவனுக்கு ஒரே மகள். பெயர் எயினி. தாய் இல்லாத பிள்ளை. முன்பற்கள் விழுந்து முளைக்கும் வயது. தந்தைக்குச் சலித்துப்போன ஒவ்வொன்றும் மகளுக்குப் புதிதாக இருந்தது.

ஒரு நாள் காலை அவள் தோட்டத்துப் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அப்பா, இங்கே வந்து பாருங்கள். இந்தப் பனித்துளிக்குள் நம் அரண்மனை தலைகீழாகத் தொங்குகிறது."

"அப்புறம் பார்க்கிறேன்" என்று வெற்பரசன் நடந்துவிட்டான்.

இன்னொரு நாள் ஒரு பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். கோட்டைச் சுவரை ஒட்டி ஆவுடை என்ற இடைச்சி மாடு வைத்திருந்தாள். எயினி அடிக்கடி அவள் கொட்டிலுக்குப் போய், உறை ஊற்றிய பால்பானையின் முன் அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

"அப்பா, நேற்று ஊற்றும்போது ஓடிய பால், இன்றைக்குப் பானையைச் சாய்த்தாலும் ஓடவில்லை. நில் என்று அதற்கு யார் சொன்னது? வந்து பாருங்கள்."

"அப்புறம் பார்க்கிறேன்."

மற்றொரு நாள் ஓடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். காயம் பொருக்குத் தட்டியதும் அதைக் காட்டுவதற்குச் சபைக்கே வந்துவிட்டாள்.

"அப்பா, உள்ளே யாரோ உட்கார்ந்து தைக்கிறார்கள். ஊசிதான் தெரியவில்லை. சீக்கிரம் பாருங்கள், தைத்து முடித்துவிடப் போகிறார்கள்."

வெற்பரசன் அப்போது, இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி ஒன்றைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். "அப்புறம் பார்க்கிறேன்" என்றான்.

இப்படி இருக்கையில் ஒரு வணிகன் வந்தான். வண்டியில்லை, ஆளில்லை; தோளில் ஒரு தோல்பை மட்டும்.

தான் பொன்னுக்கு விற்பதில்லை, பண்டமாற்று மட்டும்தான் என்றான் அவன். "அரசே, நீங்கள் இதுவரை காணாத ஒன்றைத் தருவேன். பதிலுக்கு, உங்கள் எல்லைக்குள் இருந்தும் நீங்கள் ஏறெடுத்துப் பார்க்காத ஒன்றை எடுத்துக்கொள்வேன். எல்லைக்கு வெளியே ஒரு துரும்பையும் தொடமாட்டேன்."

எதை எடுப்பாய் என்று சொல் என்றார் அமைச்சர். சொன்னால் மட்டும் அரசருக்குத் தெரியவா போகிறது என்று வணிகன் திருப்பிக் கேட்டான். பிறகு, வேண்டாமென்றால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னான்: எடுத்ததை எப்போது திருப்பிக் கேட்டாலும் தருவானாம். ஆனால் அது எப்படி நடக்கும் என்பதை அரசர் தம் கண்ணால் பார்த்துவிட்டு வந்து தம் வாயால் சொல்ல வேண்டுமாம். பிறர் சொல்லிக் கேட்டது செல்லாதாம்.

வெற்பரசன் சிரித்தான். "நான் பார்க்காத ஒன்று போனால் எனக்கு என்ன நட்டம்? எடுத்துக்கொள்."

வணிகன் பையிலிருந்து ஒரு முத்தை எடுத்தான். அதற்குள் ஒரு கடல் அலையடித்தது. காதில் வைத்தால் இரைச்சல்கூடக் கேட்டது. வெற்பரசன் முதலில் உணவை மறந்து பார்த்தான். பிறகு உண்டுகொண்டே பார்த்தான். அப்புறம் கொட்டாவி விட்டான்.

அதற்குள் செம்பொறையில் பனி பெய்வது நின்றுவிட்டது. கரிசல் காட்டில் மழையில்லாத மாதங்களில் பனியைக் குடித்தே கொண்டைக்கடலை விளையும். அந்த ஆண்டு செடிகள் பூவோடு கருகி நின்றன. உழவர்கள் கருகிய செடிகளைக் கொண்டுவந்து அரண்மனை வாசலில் போட்டார்கள். களஞ்சியத்தைத் திறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வெற்பரசன் வணிகனைத் தேட ஆளனுப்பினான்.

இரண்டாம் முறை வணிகன் ஒரு செப்பு மயிலைக் கொடுத்தான். அது தோகை விரித்து ஆடும். ஆடும்போது ஒவ்வொரு இறகும் ஒவ்வொரு சுரத்தில் ஒலிக்கும். வெற்பரசன் முதலில் உணவை மறந்து பார்த்தான். பிறகு உண்டுகொண்டே பார்த்தான். அப்புறம் கொட்டாவி விட்டான்.

அதற்குள் நாட்டில் பால் உறைவது நின்றுவிட்டது. எந்த வீட்டு உறைமோரை எந்தப் பாலில் ஊற்றினாலும் பால் கெட்டு நாறியதே தவிரத் தயிராகவில்லை. குழந்தைகளுக்கு மோர்ச்சோறு இல்லை. வெயிலில் வந்தவனுக்கு ஒரு வாய் நீர்மோர் இல்லை. ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாப் பானையும் நாறியபோது, இது யார் செய்த வினை என்று ஊர் தேட ஆரம்பித்தது.

அந்த ஊரில் விளக்கு வைத்த பிறகு உறைமோர் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் வீட்டு இலட்சுமி கூடவே போய்விடுவாள் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் ஆவுடை ஒருமுறை கொடுத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் பிள்ளைக்கு வயிற்றுக்கடுப்பு. தயிர் தோய்க்க உறைமோர் வேண்டும் என்று அவள் வந்து நின்றபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆவுடை அதையெல்லாம் பார்க்கவில்லை, அள்ளிக் கொடுத்துவிட்டாள்.

அதை ஊருக்குச் சொன்னவளும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான்.

அவ்வளவு போதுமாயிருந்தது. கொட்டிலைப் பிரித்துப் போட்டார்கள். மாடுகளை அவிழ்த்து ஓட்டினார்கள். கல்லெறிந்தார்கள். ஒரு கல் அவள் நெற்றியைப் பிளந்தது. இரத்தம் வழிய அரண்மனை வாசலுக்கு வந்து, அரசரைப் பார்க்க வேண்டும் என்று நின்றாள். காவலன் போய்ச் சொன்னான். வெற்பரசன் மயிலைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டே, "அப்புறம் பார்க்கிறேன்" என்றான்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஆவுடையை எல்லைக்கு அப்பால் துரத்திவிட்டார்கள்.

மறுநாள் வணிகன் மூன்றாம் முறையாக வந்தான். இந்த முறை ஒரு வாசல் நிலையைக் கொண்டுவந்து நட்டான். சுவரில்லை, கதவில்லை, வெறும் நிலை. அதன் வழியே பார்த்தால் இரண்டு நிலவுகள் உலவும் ஒரு வானம் தெரிந்தது.

"இது பெரிய சரக்கு. இதற்கு ஈடாக எடுப்பதை, இப்போது உங்கள் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொருவரின் உடம்பிலிருந்தும் எடுப்பேன். அவர்கள் பிறகு எங்கே போனாலும் அது அவர்களுக்கு இருக்காது" என்றான் வணிகன்.

வெற்பரசனின் காதில் அது விழவே இல்லை. அவன் இரண்டு நிலவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்துக்கொள் என்று கையை மட்டும் அசைத்தான். சலித்துப்போன செப்பு மயிலை முற்றத்தில் தூக்கிப் போடச் சொன்னான். விழுந்த வேகத்தில் தோகை உடைந்து இறகுகள் நாலாபுறமும் சிதறின.

அடுத்த நாள் எயினி முற்றத்தில் ஓடும்போது ஓர் இறகு அவள் குதிகாலைக் கீறியது. மயிரிழைக் கீறல்தான். அவள் அழக்கூட இல்லை.

அந்தக் கீறல் மூடவில்லை.

அவளுக்கு மட்டுமா? கதிர் அறுத்தவனின் விரல் மூடவில்லை. நாவிதன் கத்தி பட்ட கன்னம் மூடவில்லை. பிள்ளை பெற்ற தாயின் புண் மூடவில்லை. மஞ்சளை அரைத்துப் போட்டார்கள். வேப்பெண்ணெய் ஊற்றினார்கள். பச்சிலையைக் கட்டினார்கள். எத்தனை துணி சுற்றினாலும் துணிக்கு வெளியே இரத்தம் கசிந்தது. பிறகு சீழ் வந்தது. பிறகு சுரம் வந்தது. பிறகு பாடை வந்தது. செம்பொறையில் சமைக்கக் கத்தி எடுப்பதற்கே பெண்கள் பயந்தார்கள். தெருவில் விளையாட்டுச் சத்தம் நின்றது. பிள்ளைகளைத் தூணில் கட்டிப்போட்டு வளர்த்தார்கள்.

எயினிக்கும் சுரம் வந்தது. வெற்பரசன் முதல் முறையாக மகளின் காலருகே உட்கார்ந்தான். அவள் கண்ணைத் திறந்து அவனைக் கண்டுகொண்டாள்.

"அப்பா, உள்ளே தைக்கிறவர் போய்விட்டார்."

அவனுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வணிகனைத் தேடி வாசலுக்கு ஓடினான். தேட வேண்டிய அவசியம் இல்லை. வணிகன் கோட்டை வாசல் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

முத்தையும் மயிலையும் நிலையையும் எடுத்துக்கொள், நாட்டையே எடுத்துக்கொள், காயம் ஆறுவதைத் திருப்பிக் கொடு என்று வெற்பரசன் கேட்டான்.

"கொடுக்கிறேன். காயம் எப்படி ஆறும், சொல்லுங்கள்" என்றான் வணிகன்.

"இரத்தம் நிற்கும்."

"எப்படி நிற்கும்?"

வெற்பரசன் பின்னாலேயே ஓடிவந்திருந்த அரண்மனை வைத்தியரைப் பார்த்தான். அவர் காதோடு சொல்லித் தந்ததை ஒப்பித்தான். வணிகன் தோல்பையைத் தட்டிப் பார்த்தான். பையின் வாய் திறக்கவில்லை.

"இது வைத்தியர் பார்த்தது. நீங்கள் பார்த்தது எங்கே? உங்கள் தோளில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கிறதே, அது உங்கள் உடம்பில்தானே ஆறியது? அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?"

செம்பொறைக்குள் இனி எங்கேயும் போய்ப் பார்க்க வழியில்லை. அங்கே யாருக்கும் எதுவும் ஆறவில்லை. வெற்பரசன் உள்ளே போய் மகளின் நெற்றியைத் தொட்டான். தைக்கிறவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். அவளிடம் அவன் 'அப்புறம்' என்று சொல்லாமல் விட்டது அந்த ஒரு முறைதான். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

குதிரையை விரட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டினான். ஆனால் அண்டை நாட்டார், செம்பொறைக்காரனைத் தொட்டால் நமக்கும் காயம் ஆறாது என்று பயந்து போயிருந்தார்கள். முதல் ஊரில் கதவைச் சாத்தினார்கள். இரண்டாம் ஊரில் நாயை ஏவினார்கள். மூன்றாம் ஊரில் தடியால் குதிரையை அடித்து விரட்டினார்கள். அது அவனைத் தள்ளிவிட்டு ஓடியே போயிற்று.

கடைசியில் நடந்தே திரும்பி வரும்போது, எல்லைக் கல்லுக்கு வெளிப்புறம் ஓர் ஓலைக்குடிசையைக் கண்டான். வாசலில் ஒற்றைப் பசு நின்றது. உள்ளேயிருந்து வந்தவள் ஆவுடை. அவள் நெற்றியில் கல் பட்ட இடம் ஆறி, வெள்ளைக் கோடாக இருந்தது. அவன் அந்தக் கோட்டையே பார்த்தான்.

"அன்றைக்கு வாசலில் வந்து நின்றேன். அப்புறம் பார்க்கிறேன் என்றீர்கள்" என்றாள் ஆவுடை. "இப்போது பாருங்கள். ஆறிவிட்டது. இனிப் பார்க்க ஒன்றுமில்லை."

வெற்பரசன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். எயினியின் குதிகாலைப் பற்றிச் சொன்னான். வணிகன் கேட்டதைச் சொன்னான். அதற்கு மேல் அவளிடம் எதையும் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

ஆவுடை பசுவின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். பிறகு கூரையில் செருகியிருந்த புல்லரிவாளை உருவித் தன் இடது உள்ளங்கையில் ஓர் இழுப்பு இழுத்தாள்.

"உங்களுக்காக இல்லை" என்றாள். "அந்த ஊருக்காகவும் இல்லை. பானைக்கு முன்னால் பேசாமல் உட்கார்ந்து பார்க்குமே, அந்தப் பிள்ளைக்காக. கண்ணை எடுக்காமல் பாருங்கள். பாதியில் எழுந்து ஓடினால் பாதிதான் உங்களுக்குத் திரும்பி வரும்."

வெற்பரசன் பார்த்தான்.

வழிந்த இரத்தம் வேகம் குறைந்து, தேனைப்போலக் கெட்டியாகி, வெட்டின் வாயிலேயே நிற்பதைப் பார்த்தான். செந்நிறம் கருத்து, ஓரம் காய்ந்து, மேலே ஓர் ஓடு கட்டுவதைப் பார்த்தான். சுற்றிலும் தோல் சிவந்து சூடாகி, எங்கோ வேலை நடக்கும் கொல்லுப்பட்டறைபோல இருப்பதைத் தொட்டுப் பார்த்தான். வெட்டின் இரு கரைகளும் நாளுக்கு நாள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன. யாரும் இழுக்கவில்லை. யாரும் ஏவவில்லை. ஆவுடை மாட்டைக் கறந்தாள், சாணம் அள்ளினாள், வலக்கையால் சமைத்தாள், தூங்கினாள். அவள் எதைச் செய்தாலும் அந்த வேலை மட்டும் நிற்காமல் நடந்தது.

காலையில் கண்ணயராமல் இருந்தபோது குடிசைக்கு முன்னால் புல்லில் பனி இறங்குவதைக் கண்டான். ஒவ்வொரு துளிக்குள்ளும் ஆவுடையின் குடிசை தலைகீழாகத் தொங்கியது. தண்ணீராக ஓடிக்கொண்டிருந்த பால் ஒரு கரண்டி மோரைக் குடித்துவிட்டு, மெல்லத் தயங்கி, தடித்து, கடைசியில் பானையைச் சாய்த்தாலும் அசையாமல் நிற்பதைக் கண்டான். நில் என்று அதற்கு யார் சொன்னது என்று அவனுக்கும் தெரியவில்லை.

உணவை மறந்தான். பிறகும் மறந்தான். அப்புறமும் மறந்தான். கொட்டாவி வரவே இல்லை.

எழுந்து ஓடிவிடலாம் என்று ஒவ்வொரு கணமும் கால்கள் துடித்தன. எயினி என்ன ஆனாளோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓடினால் பாதிதான். அதனால் உட்கார்ந்திருந்தான். இந்த உலகில் மிக அழகானதையும் மிகக் கொடுமையானதையும் ஒரே உள்ளங்கையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒரு காலையில் அந்தக் கருப்பு ஓடு தானே உதிர்ந்தது. அடியில் இளஞ்சிவப்பாக, பிறந்த குழந்தையின் தோல்போலப் புதுத்தோல் இருந்தது.

"போங்கள்" என்றாள் ஆவுடை.

குதிரை இல்லாத வெற்பரசன் ஓடினான். செருப்பு அறுந்து விழுந்தது. கல் கிழித்துப் பாதத்தில் இரத்தம் வந்தது. நிற்காமல் ஓடிக் கோட்டை வாசலை நெருங்கும்போது, அரண்மனைக்குள்ளிருந்து பெண்களின் ஒப்பாரி கேட்டது.

வாசலில் வணிகன் எழுந்து நின்றான்.

"உள்ளே போய் மகளைப் பார்த்துவிட்டு வாருங்கள் அரசே. என்னிடம் அப்புறம் சொல்லலாம்" என்றான்.

வெற்பரசன் ஒரு காலை வாசலுக்குள் வைத்தான். தெருவோரத்தில் ஒருத்தி, விரலில் துணி சுற்றிய பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காலைப் பின்னுக்கு எடுத்தான்.

"அப்புறம் இல்லை. இப்போது" என்றான்.

ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டே சொன்னான். பனி எப்படி இறங்குகிறது என்று சொன்னான். பால் எப்படி நிற்கிறது என்று சொன்னான். காயம் எப்படி ஆறுகிறது என்று, ஒன்றையும் விடாமல், ஒன்றையும் அவசரப்படுத்தாமல் சொன்னான். கண்ணீர் வாய்க்குள் போயிற்று. அதை விழுங்கிவிட்டுச் சொன்னான்.

தோல்பை தானாக வாய் திறந்தது. உள்ளேயிருந்து எதுவும் பறந்து வரவில்லை, ஒளி வீசவில்லை. மடியில் கிடந்த பிள்ளையின் விரலில் சுற்றிய துணி மட்டும், மேலும் நனையாமல் நின்றது.

வணிகன் முத்தையும் உடைந்த மயிலையும் நிலையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் யாரையும் ஏமாற்றவில்லை.

வெற்பரசன் உள்ளே போனான். எயினி அன்று விடியும்போதே போய்விட்டாள்.

பிறகு செம்பொறையில் காயங்கள் ஆறின. கரிசலில் பனி பெய்தது. பால் உறைய வேண்டுமே, ஊரில்தான் ஒரு வீட்டிலும் உறைமோர் மிஞ்சவில்லை. வெற்பரசன் ஆவுடையைத் திரும்பி வரும்படி கேட்டு ஆளனுப்பினான். அவள் வரவில்லை. ஆனால் ஒரு கலயம் நிறைய உறைமோர் கொடுத்தனுப்பினாள். ஆள் வந்து சேர்ந்தபோது எல்லா வீட்டிலும் விளக்கு வைத்திருந்தார்கள். அன்றைக்கு ஊரே அதை வீட்டுக்கு வீடு பகிர்ந்துகொண்டது. பக்கத்து வீட்டுக்காரி கடைசியாக வந்து, தலையைக் குனிந்து ஏந்திக்கொண்டாள்.

மகளுக்குச் சிதை மூட்டிவிட்டு வந்த சில நாட்களுக்குப் பின், வெற்பரசன் தோட்டத்துப் புல்லில் உட்கார்ந்து தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல் கிழித்த காயத்தின் மேல் ஓடு கட்டியிருந்தது. ஓரம் சற்றே தூக்கிக்கொண்டு, அடியில் இளஞ்சிவப்புத் தெரிந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"எயினி, இங்கே வந்து பார்" என்று கூப்பிட்டான்.

புல்லில் பனித்துளிகள் மட்டும் இருந்தன.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள் பிள்ளைகளே: கண்ணெதிரே தினமும் நடக்கும் அற்புதத்தை 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுகிறவன், அதை வந்து பார் என்று கூப்பிட்ட குரலையும் சேர்த்தே இழக்கிறான்.